புளி போட்டுத் தேய்த்த தகர பஸ்

தெய்வானை,

நீ இறப்பர் மலையில் வேலை முடிந்து வருவதற்குள் மாவனல்லைக்குப் போகிறேன், ஆட்டைத் திருப்பிக் கேட்க. சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத தகர பஸ்ஸை இப்போது யாரும் செய்வதில்லை. அதற்காகப் பால் தரும் ஆட்டையே பழைய சாமான் கடை முக்தார் நானாவிடம் கொடுத்தது என் கிறுக்கு.

பஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பாக இருக்கட்டும் என்றுதான் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்தாய். அந்தப் பழைய சாயத்துக்குத்தான் விலை என்று நான் சொல்லவில்லையே. நேற்று உன்னைப் பார்த்துக் கத்தியிருக்கக் கூடாது.

சாயம் போய்ப் பளபளக்கும் வெறும் தகரத்தை இனி அவர் தொடமாட்டார். என் கைக்கடிகாரத்தைக் கொண்டுபோகிறேன். சீனி போட்ட பாலையே கறக்கும் ஆடு என்று வேறு அவரிடம் அளந்திருந்தேன். "அப்ப எனக்கு தேயிலை மட்டும் போதும்" என்று சிரித்தார். விடுவாரோ தெரியாது.

சோறு அடுப்பில் மூடியிருக்கிறது. ஆட்டுக்குட்டிக்குப் போத்தலில் பால்மா கரைத்து வைத்திருக்கிறேன். நான் கொடுத்தால் முகத்தைத் திருப்புகிறது, உன்னைப் போலவே.

சாவி கோழிக்கூட்டின் மேலே.

பி.கு: பஸ்ஸைக் குட்டியின் கண்ணில் காட்டாதே. காலையில் ஓட விட்டேன். பின்னாலேயே போய், அடியில் முட்டி முட்டிப் பால் தேடியது. இது நான் அளந்த கதை இல்லை.