முத்தத்தில் தேய்ந்த பாதம்

இதை எழுதுபவன் தங்கள் மகன் இலாரியோ. பழங்கலைப் பொருள்கள் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கும், லிமா விமான நிலையச் சட்ட அலுவலன்.

மதிப்பிற்குரிய அம்மா, குஸ்கோவில் உறைபனி கடுமை என்கிறார்கள். தங்கள் முழங்கால் வலி எப்படியுள்ளது? நான் நலம்.

செவ்வாயன்று எவாரிஸ்தா என்னும் விதவை, மாதா ஓவியமொன்றைச் சிலி நாட்டுக்குக் கொண்டுசெல்ல வந்தார். அங்கே அதை விற்றுக் கண் அறுவை செய்துகொள்வது அவர் எண்ணம்.

"போன வருஷம் வரைஞ்ச நகல்தான், வக்கீலய்யா."

"ஒரே வருஷத்துல மாதா பாதம் இப்படித் தேஞ்சிருக்கே. யாரு முத்தம் குடுத்தது?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க, நாலு தலைமுறையா" என்று பெருமையாகச் சொன்னவர், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

தடையாணையில் ஒப்பமிட்டேன், சட்டப்படி அது சரியே.

"படத்தைக் காப்பாத்திட்டீங்க. என் கண்ணை யாரு காப்பாத்துவா?" என்றார்.

அதுமுதல் இருப்புக் கொள்ளவில்லை. அருங்காட்சியகம் அதை வாங்கினால்தான் அவருக்குச் சிகிச்சை. வெள்ளியன்று கொள்முதல் குழுவின் முன் நானே வாதாடுவதாக அவருக்கு வாக்களித்துள்ளேன். ஆகவே நம்மூர் கோர்ப்பஸ் திருவிழாவுக்கு வர இயலாது.

பழைய கம்பளிச் சட்டையையும், தேநீருக்குக் கொஞ்சம் முஞ்ஞா இலையையும் பேருந்தில் கொடுத்தனுப்புங்கள். இங்கே யாரும் அதைப் போட்டுத் தருவதில்லை.

அழைக்கிறார்கள், முடிக்கிறேன்.

இலாரியோ மெந்திவில்

எவாரிஸ்தாவுக்கு நான் வாக்களித்தமைக்குச் சாட்சிகள், என் அலுவலகத் தோழர்கள்:
சுலேமா லோரா
எதில்பெர்த்தோ பாஸ்