தெரிஞ்சி செஞ்சது

அக்கா,

இன்று புனித வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, நம் சர்ச் வளாகத்தில் கஞ்சி வாங்கிக்கொண்டு நின்றேன். புதினாத் துவையல் வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவுதான். நீங்கள் அரைத்தால் பச்சை மிளகாய் தூக்கலாக இருக்கும். போதகர் ஐயாவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாம் தரம் கேட்பார். இந்த வருஷம் யார் அரைத்தார்களோ, சப்பென்று இருந்தது.

சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தைக்கு இன்று ஒரு பேங்க்காரர் பேசினார். தம்மை ஆணியடித்தவர்கள் அறியாமல் செய்கிறார்கள் என்று ஆண்டவர் அவர்களுக்காக மன்னிப்புக் கேட்டதைச் சொல்லிச் சொல்லி உருகினார். சபையும் உருகியது. நான் மட்டும் முள் மேல் உட்கார்ந்திருந்தேன். 'அறியாமல்' என்று சொல்லித் தப்பிக்க எனக்குத்தான் வழி வைக்காமல் போய்விட்டீர்களே.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்த ரப்பர் வாஷர் கம்பெனியில் நான் சரக்கைச் சோதித்துவிடும் இன்ஸ்பெக்டர். நீங்கள் கான்ட்ராக்டில் பேக்கிங். அது லெந்து காலம், புனித வெள்ளிக்கு முந்தைய நோன்பு நாட்கள். சாயங்காலம் எனக்குப் பாடகர் குழுவில் பயிற்சி. நேரமாகிவிட்டதென்று நாலு பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓகே முத்திரை குத்திவிட்டு ஓடினேன். குறை இருக்கிறதென்று சரக்கு திரும்பி வந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்றால் அதுவும் பொய். நன்றாக யோசித்துத்தான், நான் கழித்துவைத்த பெட்டியை நீங்கள் மாற்றிக் கட்டிவிட்டீர்கள் என்றேன். மறுநாளிலிருந்து உங்களை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வருஷப் புனித வெள்ளிக்கு நான் சிலுவைப் பாட்டில் தனிக்குரல் வேறு பாடினேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

நீங்கள் திருமுல்லைவாயில் பிளாட்டுகளில் வீட்டு வேலைக்குப் போனீர்கள். ஞாயிறுதோறும் என்னைப் பார்த்ததும் சாப்புட்டியா என்று கேட்டீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வருஷம் ஓட்டினேன். அடுத்த புனித வெள்ளியன்று, குழாயடியில் கஞ்சி அண்டா தேய்த்துக்கொண்டிருந்த உங்களிடம் வந்து, "அக்கா, அன்னைக்குத் தெரியாம அப்படிச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

நீங்கள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியாம இன்னா? தெரிஞ்சிதானே சொன்ன. அத்த சொல்லு. பக்கத்து சிலுவைல தொங்குனானே திருடன், அவன் தெரியாம செஞ்சிட்டேன்னா சொன்னான்? நான் செஞ்சதுக்கு இது சரிதான்னான். அவனுக்குத்தான் அன்னிக்கே பரலோகக் கதவு தொறந்துச்சி."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திருநெல்வேலியில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. எனக்கு இவர் வேதம் சொல்லித் தருகிறாரா என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டவளைக் கூண்டில் ஏற்றுகிறீர்களே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை. அடக்கத்தன்று உங்கள் வீட்டுக்காரரான அண்ணனிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணனுடைய ஷேர் ஆட்டோ வருகிறதென்றால் பஸ் ஸ்டாப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நம் பாவங்களுக்காக மரித்தார் என்று சிறுவயதிலிருந்தே பாடுகிறேன் அக்கா. நம் பாவம் என்றால் ஊருக்கெல்லாம் பொதுவான ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பு. ஆண்டவரையும் பொய்ச்சாட்சி சொல்லித்தானே கொண்டுபோனார்கள். சொன்னவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. இன்று பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடத்தில் என் பெயரை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எனக்காகத்தான் செத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேன்.

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு மண்ணூர்பேட்டையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அக்காவுக்கு வேலை போனது என்னாலதான். பெட்டியப் பாக்காம விட்டது நான். தெரிஞ்சேதான் அவங்க மேல பழி போட்டேன்" என்றேன். திங்கட்கிழமை மேனேஜரிடமும் இதையே சொல்லப் போகிறேன் என்றேன். வேலை போனால் போகட்டும்.

அவர் துணியைப் பிழிந்து உதறினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

"தெரியும்மா," என்றார் கடைசியில். "அன்னிக்கே சொல்லிட்டா. நான் வந்து சண்ட போடறேன்னு கெளம்பினேன். கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. அந்தப் பொண்ணு தானா வரும், அதுவரைக்கும் நீ ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னுட்டா. ஆஸ்பத்திரில கூட, அது வந்துச்சான்னு கேட்டா."

அந்தக் கேள்வியோடுதான் இனி என் காலம் போகும். வந்துவிட்டேன், அக்கா. வந்து சேர நாலு வருஷம் ஆகிவிட்டது.