மூச்சு நின்ற நாய்க்குட்டி

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மருமகள் பூர்ணிமாவுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். மீன்பிடி தடைக்காலம் என்பதால் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் மந்தம். பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறேன்.

அத்தைக்குத் துணையாக நீ செய்து அனுப்பிய நாய்க்குட்டியிடமிருந்து சிக்னல் வரவில்லை, ரிப்பேர் என்றால் வேறொன்று செய்து அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். அத்தை பக்கத்தில் இருந்ததால் அப்போது விவரம் சொல்ல முடியவில்லை.

அது மெஷின் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தொட்டால் சூடு, தடவினால் முனகல், மூச்சு விடுவதுபோல் வயிறு ஏறி இறங்கும். அந்த மூச்சுக்காக நீ பெங்களூரில் எவ்வளவு உழைத்தாய் என்று எனக்குத் தெரியும். மடியில் போட்டுக்கொண்டு, "விமல் வந்ததும் உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவான்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பெற்ற பிள்ளை விமல்ராஜ் விபத்தில் போன அன்றும் அவள் அழவில்லை. பிறகு ஞாபகமும் தப்பிவிட்டது. சாயங்காலமானால் வாசலைப் பார்த்து, "விமல் வந்துட்டானா?" என்பாள்.

போன வாரம் ஒருநாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதியம் அவள் மடியிலேயே அது நின்றுவிட்டது. வயிற்றில் கைவைத்துப் பார்த்து, "மூச்சு நின்னுபோச்சு" என்றாள். சார்ஜ் போட்டால் எழுந்துவிடும் என்றேன். "செத்தது எப்படி எழும்?" என்று கேட்டாள். பள்ளம் தோண்டச் சொன்னாள்.

பின்பக்கம் முருங்கை மரத்தடியில் தோண்டினேன். தன் பழைய புடவையில் சுற்றி இறக்கி, ஒரு பிடி மண் போட்டாள். அடுத்த பிடி அள்ளியவள் "விமலு" என்று கூப்பிட்டபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். நானும் அழுதேன்.

இப்போது அவன் வந்தானா என்று கேட்பதில்லை. போட்டோவுக்கு அவளே பூ வைக்கிறாள். சில நாள் யார் போட்டோ என்று தெரியாமலும் வைக்கிறாள்.

பாடுபட்டுச் செய்தது மண்ணில் கிடக்கிறதே என்று வருத்தப்படாதே. தோண்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே இனி வேண்டாம். துணையில்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்து கொடு.

உன் அப்பா வந்திருந்தார். உன் மறுமணத்துக்கு ஒரு வரன் விஷயமாகப் பேசினால், மாமா அத்தையை யார் பார்ப்பார்கள் என்று பேச்சை மாற்றிவிடுகிறாயாம். அத்தையிடம் சொன்னேன். "நம்ம பொண்ணுக்குப் புடவை நாமதானே எடுக்கணும்" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் மாமா,
சுப்பராயன்