ஓங்கிய வாள்

என் வீட்டு மகாராணிக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சிரிக்கமாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். இந்த நாற்பத்தெட்டு வயதில், லீவு நாளில் அறைக்காரர்களோடு உட்கார்ந்து ராட்சசனைக் கொல்லும் விளையாட்டு ஆடுகிறேன். ஆளுக்கொரு வேஷம், இருபது முகப் பகடை உருட்டிச் சண்டை.

நான் வாள்வீரன். கிரேன் டிரைவர் மந்திரவாதி. வேலையிலும் நான் மூட்டை சுமக்கிறேன், அவன் உட்கார்ந்தபடி பட்டன் அழுத்துகிறான். விளையாட்டிலுமா? நான் பத்து முறை வெட்டினால் ராட்சசனுக்கு ஒரு கீறல். அவன் ஒரு மந்திரம் சொன்னால் காடே எரிகிறது! கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் வெல்டரிடம் சண்டைக்கே போனேன்.

"ஏன்டா, எனக்கும் ஏதாவது குடுத்தா என்ன?"

"உங்களுக்குத்தான் உடம்புல பலம் இருக்கே அண்ணே!"

"இதையே சொல்லித்தான்டா என் பொண்டாட்டியும் தண்ணிக் குடம் தூக்க விட்டா!"

நேற்று ஒருவழியாக கிரேன் டிரைவரின் மந்திரமெல்லாம் தீர்ந்தது. ராட்சசனுக்கு இன்னும் ஒரே வெட்டுதான் பாக்கி. முதல் தடவையாக எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உன்னை நினைத்துக்கொண்டு பகடையை ஓங்கி வீசினேன்.

ஊரிலிருந்து வரும் ஆளிடம் சட்டைப் பொத்தான், ஊசி நூல், உன் போட்டோ ஒன்று கொடுத்தனுப்பு. பழையதில் உன் முகம் வெளுத்துவிட்டது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

இருபது முகம் உள்ள பகடை கிடைத்தால் அதுவும் அனுப்பு. எங்களுடையது குளியலறைச் சாக்கடை ஓட்டைக்குள் போய்விட்டது. ராட்சசன் நலம்.