கல்லில் வெட்டப்போகும் 'நல்ல'

அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரகடம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். நம் வேதக்கோயிலின் முன்சுவர் இருந்த இடத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் போகின்றன. புதுச் சுவரில், ராணுவத்தில் இருந்த உங்கள் பெயரில் ஒரு கல் பதிக்கிறார்களாம். பெயருக்குக் கீழே, நம் கல்லறைகளில் எல்லோருக்கும் வெட்டும் அந்த 'நல்ல போராட்டத்தைப் போராடினேன்' என்ற வேத வசனம். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளாக அந்தத் தாள் என் கைப்பையில் தண்டலம் கல்லூரிக்கும் வீட்டுக்கும் போய்வருகிறது.

ஏன் போட முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அறுபத்தைந்தாம் வருடச் சண்டை, பஞ்சாபில் ஒரு கரும்புக்காடு, இரண்டு கையையும் தூக்கியபடி வந்த ஒருவன். திடீரென்று ஒரு கையை இறக்கிச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனான். சுட்டீர்கள். பையில் ஒன்றுமே இல்லை.

எதை எடுக்கப் போனான், அப்பா?

அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணை ஞாயிறுகளில் நீங்கள் உள்ளே வராமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. "செருப்புக்குக்கூட மிலிட்டரி காவலா?" என்று ஊர் கேலி செய்யும். நீங்களும் சிரிப்பீர்கள். போரில் கொல்வது கொலை இல்லை, 'கொலை செய்யாதே' என்ற ஆறாம் கட்டளை அதைச் சொல்லவில்லை என்றாராம் பழைய ஆயர், நீங்கள் பொதுவாகக் கேட்டபோது. "செத்தவனுக்கு அது இன்னாங்க ஐயா?" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். ஜெபித்துவிட்டுப் போய்விட்டாராம்.

மன்னிப்பை நம்பிய நீங்களே அதை வாங்கிக்கொள்ளவில்லை. எதையும் நம்பாத நான் என்ன செய்வேன்? மறுத்தால் காரணம் கேட்பார்கள். சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சம்மதித்தால் கல்லில் பொய்.

நேற்று அம்மாவிடம், வெறும் பெயர் போதுமே என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு? அத்தினி பேருக்கும் அந்த வசனந்தான் கீது."

"அப்பாவுக்குப் பிடிக்காதும்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினியா? தூக்கத்துல 'கைய எறக்காதடா, எறக்காதடா'ன்னு கெஞ்சுவாரு மனுசன். யாரன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

"தெரிஞ்சுமா நல்ல போராட்டம்னு போடச் சொல்றே?"

"சண்டைய யாருடி சொன்னா? வூட்டுக்கு வந்தப்புறம் சாவுற மட்டும் பட்டாரே, அத்த சொல்றேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரிதானா, தெரியவில்லை. அம்மாவுக்கு விளங்கும் பொருள் சுவரைப் படிக்கிறவர்களுக்கு விளங்காது. ஊர் அதில் வேறொரு சண்டையைத்தான் படிக்கும். அதைத் திருத்த என்னால் ஆகாது.

கல் திறக்கும் ஞாயிறு நற்கருணையும் இருக்கிறது. எல்லோரும் உள்ளே போகும்போது நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுவரில் உங்கள் பெயர் இருக்கும். பெயர் தெரியாத அவனுக்காக, உங்களுக்குப் பிறகும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும் இல்லையா?

நிற்பேன், அப்பா.

நீங்கள் சொன்னதை இன்னும் சுமக்கும்,
உங்கள் மூத்தவள்