சரியான ஒரு வாக்கியம்

கோட்டுச்சேரி,
மார்ச் 11.

அன்புள்ள பிரதீபாவுக்கு,

உன் கணவன் பஞ்சநாதன் எழுதுவது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனிதருக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நீ டூட்டி முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தாய். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிற அமீர் நிஷா டீச்சரின் தம்பிக்கும் இங்கிலாந்தில் உன் லெஸ்டரில்தான் வேலையாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். புளிக்காய்ச்சல் பாட்டிலோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. இந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றாயே, இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல் அதைக் கொடுத்துவிடாதே. நடுவில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுத இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன். நலம்தான். சம்பா அறுப்பு முடிந்து உளுந்து பூ விட்டிருக்கிறது. அப்பாவின் திதிக்குத் தங்கப்பன் அண்ணன் வீட்டிலேயே சமைத்துக் கொடுத்தார்கள். நீ வைத்த முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. தினமும் முருங்கைக்காய் சாம்பார்தான். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் என் மேலேயே காய் தொங்கும்.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் தலத்தெருவுக்குப் போய் வருகிறேன். டீச்சர் தன் வீட்டு முன்னறையில்தான் வகுப்பு நடத்துகிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எட்டுப் பேர் படிக்கிறோம். ஏழு பேருக்குப் பாய், எனக்கு மட்டும் நாற்காலி. அது மரியாதையா, என் முழங்காலைப் பார்த்து வந்த இரக்கமா என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீஷ் சொல்லும் பொருளுமாக வரிசையில் நின்றது. டீச்சர் அதை முதல் நாளே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். "வார்த்தையத் தனியாப் படிக்காதீங்க, அது யாரோட குடும்பம் நடத்துதுன்னு பாருங்க" என்பார். முடிவை நாம் எடுக்கிறோம், இங்கிலீஷ்காரர்கள் செய்கிறார்கள். மேக் எ டிசிஷன். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டுவிட்டேன். "வெயில் எதுக்கு அடிக்குது, பசி எதுக்கு எடுக்குதுன்னு என்னைக்காவது கேட்டீங்களா சார்? சேந்து வருது, சேத்தே வச்சுக்குங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மழை பெய்யும், காற்று வீசும் என்று நமக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

அதைவிடக் கொடுமை இந்த இன், ஆன், அட். வயலில், வரப்பில், பஸ் ஸ்டாண்டில் என்று நமக்கு ஒரே ஓர் 'இல்' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே வயலுக்கு 'இன்', வரப்புக்கு 'ஆன்', பஸ் ஸ்டாண்டுக்கு 'அட்'. உளுந்தைப் பார்க்கப் போகும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கிறேன். அதைக் கேட்ட பூவாயி அக்கா, "பொண்டாட்டி பக்கத்துல இல்லன்னா ஆம்பளைக்கு இப்புடித்தான் புத்தி பேதலிச்சுப் போவும்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அக்கா சொன்னது பொய்யில்லை.

'வெயிட்' என்று வந்தால் பின்னாலேயே 'ஃபார்' வர வேண்டுமாம். ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் மை வைஃப் என்று நோட்டில் எழுதினேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் எழுத ஓடவில்லை.

போன திங்கட்கிழமை 'டெல்' வந்தது. கதை, உண்மை, பொய் எல்லாம் அதனோடுதான் போகும், யாரிடம் என்பதற்கு 'டு' போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, டீச்சர் ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். என் முறை வந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஐ டோல்ட் எ லை டு மை வைஃப் என்றேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிற சுவாமிநாதன் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். டீச்சர் மட்டும், "சரியான வாக்கியம் சார், ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். நாலு மாதத்தில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். என் மனைவியிடம் நான் பொய் சொன்னேன்.

பிரதீபா, நான் அங்கே வந்து உன்னோடு இருக்க வேண்டுமென்றால் தேற வேண்டிய அந்த இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. அதில் தோற்றுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நான் அந்தத் தேர்வுக்குப் போகவே இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில்தான் அறுவடை மெஷின் நம் பக்கம் வந்தது. நம்முடையது உள்வயல் என்று உனக்குத் தெரியும். தங்கப்பன் அண்ணன் வயலை அறுத்தால்தான் மெஷின் நம் வயலுக்குள் இறங்க முடியும், நம்முடையதை அறுத்தால்தான் பூவாயி அக்காவின் ஒரு மா நிலத்துக்கு வழி. முறையை விட்டால் மறுபடி எப்போது வருமோ, வானம் வேறு மூட்டமாக இருந்தது. இதையே உன்னிடம் காரணமாகச் சொல்லலாம் என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் நாலு மணிக்கு நம் வயல் முடிந்துவிட்டது. ஐந்தரைக்கு அக்கா வயலும் முடிந்தது. பஸ் எட்டு மணிக்கு. பை கட்டித் தயாராக இருந்தது. "நெல்ல நான் பாத்துக்கறேன், நீ கெளம்புடா" என்று அண்ணன் விரட்டினார். நான் போய் பம்ப்செட் தொட்டிமேல் உட்கார்ந்தவன், பஸ் போயிருக்கும் என்று உறுதியான பிறகுதான் எழுந்தேன்.

போன வருஷம் லீவில் வந்தபோது, அதே தொட்டிப் பக்கம் நின்று, உன்னோடு வேலை பார்க்கும் யாரோ ஒருத்தியிடம் இருபது நிமிடம் இங்கிலீஷில் பேசினாய். விழுந்து விழுந்து சிரித்தாய். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், அந்தச் சிரிப்பை அதுவரை நான் கேட்டதில்லை. என்ன விஷயம் என்றேன். "சொன்னா புரியாதுங்க, விடுங்க" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் முள் மாதிரி தைத்துக்கொண்டது. இங்கே வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் நான் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். அங்கே வந்து, நீ சிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று முழித்துக்கொண்டிருக்கிற ஆளாக ஆகிவிடுவேனோ, நாளாக ஆக உனக்கே என்னை நாலு பேர் முன்னால் காட்டக் கூச்சமாகிவிடுமோ என்று பயந்துவிட்டேன். ஆம்பிளை இதை எழுதக் கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

இதையெல்லாம்கூட நீ மன்னித்துவிடுவாய். இதற்கு அடுத்து நான் செய்ததுதான் எனக்கே பொறுக்கவில்லை. தோற்றுவிட்டேன் என்று சொன்னதும் நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க தேறாட்டி என்ன, நான் வந்துடறேன். ஆறு வருஷம் போதும்" என்றாய். உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டு அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பீரோவில் உன் துணித் தட்டைத் துடைத்து வைத்தேன். ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டேன். அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் நான் இங்கிருந்து நகர முடியாதபோது, நீ தனியாகப் போய், கால் வீங்க நின்று, அங்கே இருந்துகொள்ளலாம் என்ற உரிமை வரைக்கும் வாங்கியிருக்கிறாய். அதை என் கோழைத்தனத்துக்காக நீ தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு திரைச்சீலை மாட்டியவன் நான்.

மார்ச் 24ஆம் தேதிக்கு மறுபடி பணம் கட்டிவிட்டேன். தங்கப்பன் அண்ணன் கூடவே வருகிறார். தேர்வு நடக்கிற வாசலுக்குள் என்னைத் தள்ளிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாராம். அங்கே நிஜமாகவே தோற்றால் அன்றைக்கே உனக்குச் சொல்வேன். அதன் பிறகு நீ வருவதா, நான் மறுபடி முயல்வதா என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம். இந்த ஊரும் நானும் வேண்டும் என்று உனக்கே தோன்றி வந்தால், நீ காரைக்கால் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க மாட்டேன், ஏர்போர்ட்டுக்கே வந்து நிற்பேன். நடக்காத ஒரு தோல்வியை நம்பி மட்டும் வந்துவிடாதே.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது பிரதீபா. போனில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நீ தட்டில் ஒதுக்கி வைக்கிற கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும் போலிருக்கிறது. அதற்காக எந்த ஊரில் வேண்டுமானாலும் முழித்துக்கொண்டு நிற்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இது தோன்ற எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.

குலதெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதே. இதைப் படித்ததும் நேரங்காலம் பார்க்காமல் போன் செய்து திட்டு. எந்த பாஷையில் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
பஞ்சநாதன்.