மூன்றாவது மாடித் திருப்பம்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பெரியவளும் நம் சின்ன வாலும் சௌக்கியம்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? ஏரிக்கு மேலே இருக்கும் நம் குன்றுக்கு ஞாயிறுதோறும் போய் வருகிறீர்களா? பத்தே நிமிட ஏற்றம், சோம்பல்படாதீர்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஹோட்டலில் லிஃப்ட் படுத்துவிட்டது. வெளுத்த படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி ஐந்து மாடிக்கும் தோளில்தான் சுமந்தோம். மற்றவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். எனக்கு மட்டும் நம் குன்று ஏறுகிற குஷி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் என்னை அறியாமல் மூட்டையை இறக்கிவிட்டுக் குனிந்து, "வா, முதுகுல ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டேன். பாதி ஏற்றத்தில் நம் வாலு "கால் வலிக்குது" என்று பாறையில் உட்கார்ந்துவிடுவாளே, அந்த நினைப்பு. பின்னால் வந்தது எங்கள் சூப்பர்வைசர். ஆள் தொண்ணூறு கிலோ.

"யாரு, நானா? தாங்குவியாய்யா?" என்றார்.

படிக்கட்டே அதிரச் சிரித்தோம். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பல்லக்கு'.

என் பழைய கான்வாஸ் ஷூவை யாருக்கும் கொடுத்துவிடாதே, வந்ததும் குன்று ஏற வேண்டும். வாலுவை எடை பார்த்து எழுது. அதே எடைக்கு மூட்டை கட்டித் தூக்கிப் பழகிக்கொள்கிறேன். அவள் இப்போது தானாகவே உச்சிவரை ஏறிவிடுகிறாள் என்றால், அதை மட்டும் எழுதாதே.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்,
பல்லக்கு